பட்டாணிக்கு வயசாகிறது

“பட்டாணியைக் காலேஜுக்கே அனுப்பிட்டீங்க. அடுத்த வாரம் கல்யாணமா, அண்ணே?”

படக்கதைக்கு வந்த புதிய படங்களை மேசைமேல் போட்டார் ஆசிரியர். எதிரே ஓவியர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரத்தில் பக்கங்களை ஒட்டிக்கொண்டிருந்த லேஅவுட்காரர், காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தார்.

“இது சின்னப் பசங்க பத்திரிகை. தத்தக்கா பித்தக்கான்னு நடந்த பட்டாணியைத்தான் பசங்க கேக்கறாங்க. அவளைப் பழையபடி குட்டியாக்குங்க. இல்லேன்னா தொடரை நிறுத்திக்கலாம்.”

“அது மட்டும் வேணாம், தம்பி.”

“ஏன் இந்தப் பிடிவாதம்? உங்க ஓவியத்துக்கு முன்னாடி கூட்டம் கூட்டமா நின்னாங்க. அதையெல்லாம் மூட்டை கட்டி வச்சுட்டு, நானே எழுதி நானே வரையறேன்னு வந்தீங்க. அச்சான பத்திரிகையையாவது புரட்டிப் பாக்கறீங்களா?”

“அச்சுல என் கோடெல்லாம் செத்துப்போயிடுது. பாத்தா மறுவாரம் கை ஓடாது.”

ஆசிரியருக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

“நல்லா இருக்கு போங்க! முதலாளிக்கு நான் என்ன காரணம் சொல்றது?”

ஓவியர் மெல்லத் தலை நிமிர்ந்தார்.

“ஓவியம் ஒரே சுவர்லதான் தொங்கும், தம்பி. பத்திரிகை வீடு வீடாப் போகும். எந்த வீட்லயோ என் பொண்ணு இருக்கா.”

“உங்களுக்குப் பொண்ணா?”

“ஸ்டேஷன் கூட்டத்துல என் கையை விட்டுட்டா. தன் பேரைக்கூடச் சொல்லத் தெரியாத வயசு. தேடாத இடமில்லை. அவ அம்மா அந்த ஏக்கத்துலயே போய்ச் சேர்ந்தா. குழந்தை போட்டோவை வச்சு இப்போ யாரு கண்டுபிடிப்பாங்க? அதான், வருஷா வருஷம் எப்படி வளர்ந்திருப்பான்னு யோசிச்சு யோசிச்சு வரையறேன்.”

ஆசிரியரின் குரல் இறங்கிவிட்டது.

“முகம் வேற மாதிரி இருந்தா, அண்ணே?”

“இருக்கலாம். ஆனா காதுக்குக் கீழே இருக்கிற மச்சம் மாறாதே. அவளே கண்ணாடியில பாத்துக்குவாளே. ஒரு படத்துலகூட அதை நான் விட்டதில்லை.”

ஆசிரியர் எழுந்து வந்து ஓவியரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“நான் இந்த நாற்காலியில இருக்கிறவரைக்கும் பட்டாணி வளரட்டும். முதலாளியை நான் பாத்துக்கறேன். நீங்க போய் வரைங்க.”

ஓவியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். அவர் முகத்தில் இப்படி ஒரு தெளிவை ஆசிரியர் பார்த்ததே இல்லை.

படியிறங்கும் சத்தம் ஓய்ந்தபின் திரும்பினார். லேஅவுட்காரர் பேயறைந்ததுபோல் நின்றிருந்தார்.

“சார்... அவர் பேனா கசியுதுன்னு நினைச்சு, முதல் வாரத்துலேருந்தே அந்தப் புள்ளியை வெள்ளை தடவி அழிச்சுட்டுத்தான் அச்சுக்கு அனுப்பறேன்.”