மாமனார் காவல்

"இந்தக் காலத்துப் பயலுக ஒரு வேலையை உருப்படியா முடிக்கிறதில்ல. கேட்டா மட்டும் மிஷின் மேல பழி!"

வெந்நீரில் கை கால் கழுவி, துண்டில் துடைத்தபடியே குளியலறையிலிருந்து வந்த பெரியவர், மாப்பிள்ளையின் முதுகைப் பார்த்துச் சொன்னார். கம்ப்யூட்டர் திரை மறுபடியும் கறுத்து, மறுபடியும் அ-னா ஆவன்னாவிலிருந்து ஆரம்பித்திருந்தது.

"நான் ஒண்ணும் பண்ணல மாமா. பாதிக்கு மேல ஏறிடுச்சு. திடீர்னு தானா அணையுது, தானா எந்திரிக்குது."

"பேய் பிடிச்ச மாதிரியா?"

"அப்படித்தான் வெச்சுக்கங்க."

முந்தின நாள் அந்தக் கம்ப்யூட்டர் நீலம் பாரித்து நின்றுவிட்டது. உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக ஓ.எஸ். போட்டால்தான் பிழைக்கும் என்று காலையிலிருந்து மாப்பிள்ளை மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மதியம் பெரியவரின் மகளுக்கு வேலைக்கான நேர்காணல். கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார வேண்டும், போனில் வந்தால் செல்லாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். குழந்தை பிறந்தபோது வேலையை விட்டவளுக்கு, இத்தனை நாள் அலைந்து கிடைத்த ஒரே அழைப்பு. அவள் தலை வாரிக்கொண்டே கடிகாரத்தையும் கணவனையும் மாறி மாறி முறைத்தாள்.

மாப்பிள்ளை பெட்டியின் வயிற்றைத் திறந்தார். பச்சையாக ஒரு பட்டையை உருவி, பிள்ளையின் அழிரப்பரால் தேய்த்தார்.

"என்ன மாப்ளே, அதுக்குப் பல்லு விளக்கி விடுறீங்களா?"

"ரேம் மாமா. அழுக்குப் பிடிச்சா இப்படித்தான் தகராறு பண்ணும்."

"உங்க வீட்டுல எதுதான் தகராறு பண்ணல? ஒயர் இழுத்தவனும் உங்களை மாதிரி ஆளுதான்போல. பாத்ரூம் பல்பு என்னைப் பாத்துக் கண்ணடிக்குது."

மாப்பிள்ளை பட்டையைத் திரும்பப் பொருத்தினார். பென்டிரைவை மாற்றிச் சொருகினார். ஓ.எஸ். எவ்வளவு ஏறியது என்று காட்டும் கோடு திரையில் மெல்ல ஊர்ந்தது. பெரியவருக்குச் சர்க்கரை வியாதி. கோடு பாதி தாண்டுவதற்குள் அவருக்கு முட்டிக்கொண்டு வந்தது. போனார். திரும்பி வரும்போது மாப்பிள்ளை தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

பெரியவர் மகளைச் சமையலறைக்கு இழுத்துப் போனார்.

"அம்மாடி, இது பேயுமில்ல, அழுக்குமில்ல. உன் புருஷன்தான் கெடுக்கிறான்."

"சும்மா இருங்கப்பா. அவர் பச்சத் தண்ணி பல்லுல படாம உக்காந்திருக்காரு."

"பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்! 'நீ வேலைக்குப் போயிட்டா வீட்டை யாரு பாக்கிறது'ன்னு போன வாரம் கேட்டானா இல்லியா? என் காது இன்னும் செத்துப் போகல. நான் அந்தப் பக்கம் நகர்ந்தாத்தான் அந்தப் பெட்டி அணையுது. கவனிச்சியா?"

மகள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு, "ஆமாம்ல..." என்றாள்.

ஆலை வாசலில் காவல்காரராக நரைத்தவர் பெரியவர். வெளியே போகிறவன் மானேஜரே ஆனாலும் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து முகர்ந்து பார்த்துத்தான் விடுவார். உலகத்தில் இரண்டே சாதி, மாட்டின திருடன், மாட்டாத திருடன் என்பது அவர் கணக்கு.

நாற்காலியை இழுத்துப் போட்டு மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"ஆரம்பிங்க மாப்ளே. கை ரெண்டும் மேசை மேல இருக்கட்டும்."

"நான் என்ன கோழித் திருடனா மாமா?"

"நான் சொல்லலியே. நீங்களே சொல்றீங்க."

கோடு ஊர்ந்தது. பாதியைத் தாண்டியது. பெரியவருக்கு அடிவயிறு கனத்தது. காலை மாற்றிப் போட்டார். நெற்றி வியர்த்தது.

மாப்பிள்ளை பரிதாபப்பட்டார். "போயிட்டு வாங்க மாமா. நான் பாத்துக்கிறேன்."

"பாத்தியாம்மா! என்னைக் கிளப்பி விடப் பாக்கிறான்! செத்தாலும் நகர மாட்டேன்டா... மாட்டேன் மாப்ளே!"

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கோடு நிறைந்தது. திரை ஒருமுறை கறுத்து, வீட்டில் எல்லோருக்கும் மூச்சு நின்று, பிறகு பளிச்சென்று மலர்ந்தது. மாப்பிள்ளை குதித்தார். மகள் மட்டும் கணவனை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"காவல்னா இப்படி இருக்கணும்" என்றார் பெரியவர், எழுந்திருக்க முடியாமல்.

மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். காமிராவைச் சரிசெய்து கொடுத்துவிட்டு மாப்பிள்ளை பக்கத்தில் நின்றார். "வணக்கம், உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று திரையில் ஓர் அம்மாள் சிரித்தாள்.

அதற்கு மேல் பெரியவரால் தாங்க முடியவில்லை. "மாப்ளே, தள்ளியே நில்லுங்க!" என்று அறை வாசலிலிருந்தே ரகசியமாக அதட்டிவிட்டு ஓடினார்.

போன உயிர் திரும்பி வந்தது. பச்சைத் தண்ணீர் பட்டால் விரல் மூட்டெல்லாம் பிடித்துக்கொள்ளும் அவருக்கு. வழக்கம்போல ஹீட்டர் சுவிட்சைத் தட்டினார். பல்பு அவரைப் பார்த்துக் கண்ணடித்தது.

"ஐயோ, அணைஞ்சு போச்சே!" என்று அறையிலிருந்து மகள் அலறினாள்.

"நான் தொடவே இல்லம்மா!" என்று மாப்பிள்ளை கத்த, அதில் ஒரு சொல்லைக்கூட நம்பாத பெரியவர், வெந்நீரில் நிதானமாகக் கையைக் கழுவிக்கொண்டு, "ஒரு நிமிஷம் நகர்ந்தா போதும், கையை வெச்சுட்டான்" என்றபடி அறைப்பக்கம் நடந்தார்.