குலுங்காத பெட்டி

“பெட்டியில பட்டாசு மருந்து இருக்கு தம்பி. குலுங்காம சாத்தூர் வரைக்கும் ஓட்டிக் காட்டுங்க. அப்புறம் வேன் டிரைவர் வேலையைப் பத்திப் பேசலாம்,” என்றார் பட்டாசு ஆலை முதலாளியம்மா பொன்னுத்தங்கம்.

அட்டைப்பெட்டியோடு தன் காரின் பின் சீட்டில் அவரும் ஏறிக்கொண்டார்.

நிஜாம் ஒரு கணம் பெட்டியைப் பார்த்தான். ஆறு மாதமாக வேலை இல்லை. காரைக் கிளப்பினான்.

ஏழாயிரம்பண்ணையைத் தாண்டியதும் சாலை முழுக்கப் பள்ளம். ஒவ்வொன்றுக்கும் முன்பே பிரேக்கை மிதித்து, சக்கரம் உள்ளே இறங்கும்போது காலை எடுத்தான். ஒன்றில் மழைத்தண்ணீர் நின்றது. இறங்கிப் போய்க் குச்சியால் ஆழம் பார்த்துவிட்டு வந்து, ஓரமாக உருட்டினான்.

பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். “ஏலே, பொண்ணழைப்பு ஊர்வலமா போறே?”

“காதுல வாங்காதீக,” என்றார் பொன்னுத்தங்கம்.

“வெடிச்சா அவரும்தாம்மா கூட வருவாரு,” என்றான் நிஜாம். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

சாத்தூரில் காரை நிறுத்தினான். பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது.

“வேலை எனக்குத்தானம்மா?”

பொன்னுத்தங்கம் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே வெறும் மணல்.

“இம்புட்டுப் பதமா ஓட்டுற ஆளை நான் பாத்ததே இல்ல, தம்பி. நேத்து வந்தவரு ஓட்டவே இல்ல. ஆள் ஏறுற வண்டியில மருந்தை ஏத்த மாட்டேன்னு சாவியைக் கையில கொடுத்துட்டுப் போயிட்டாரு.”

கையை நீட்டி நிஜாமிடம் சாவியை வாங்கிக்கொண்டார்.

“ஆலை வேலைக்கு முப்பது பொம்பளைக ஏறி வர்ற வேன். அவருக்குத்தான் போன் போடணும்.”