ஓடுகிற சத்தம்

இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக அதே வாடகைக் கார் லூர்துவின் பட்டறைக்கு வந்தது. நின்ற பிறகும் மேடேறுகிற வண்டியைப் போல என்ஜின் இரைந்துகொண்டிருந்தது.

“பெட்ரோலைக் குடிக்குதுன்னு ஓனர் கத்துறாரு. நான் எதையும் தொடல தம்பி,” என்றார் டிரைவர் காத்தமுத்து.

லூர்து பானட்டைத் திறந்தான். ஆக்சிலேட்டர் கேபிளில் பழுதில்லை. நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற, அவன் அளவு பார்த்து வைத்திருந்த ஐடிலிங் ஸ்க்ரூவை மட்டும் யாரோ முடுக்கியிருந்தார்கள். அதன் தலையில் புதுக் கீறல். அதைத் தளர்த்தியதும் இரைச்சல் அடங்கியது.

“இப்பப் பாருங்கண்ணே, பூனைக்குட்டி மாதிரி ஓடுது,” என்றான் குனிந்தபடியே.

காத்தமுத்து சாவியைத் திருப்பினார். ஓடிக்கொண்டிருந்த என்ஜினில் ஸ்டார்ட்டர் பல்லைக் கடித்து அலறியது. மறுபடியும் திருப்பினார். லூர்து ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தான். அவர் அவனுடைய உதடுகளையே பார்த்தார்.

“ஓடுற சத்தம் கேக்கணும்னு நான்தான் முடுக்குனேன். காது போச்சுன்னு ஓனர்கிட்ட சொல்லிராத தம்பி. ரெண்டு பொண்ணு படிக்குது.”

லூர்து அவருடைய உள்ளங்கையை எடுத்து கியர் குமிழின் மேல் வைத்தான். அதன் நடுக்கம் தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. காரை மெல்லத் தெருவில் இறக்கினார். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. கார் நடுத்தெருவிலேயே போனது. லாரி மறுபடியும் அடித்தது. கையில் ஸ்க்ரூ டிரைவரோடு லூர்து வாசலுக்கு ஓடினான்.