நீக்க முடியாத எண்
சாயங்கால வெயிலில் சன்னல் கம்பிகளின் நிழல் பள்ளி அலுவலகக் கணினித் திரைமேல் கோடு கோடாக விழுகிறது. தான் எழுதிய சின்ன புரோகிராமை டேட்டாபேஸோடு இணைத்துவிட்டு, கணினி டீச்சர் தன் மகளின் மாணவர் எண்ணை அடிக்கிறாள். இறந்துபோன பிள்ளையின் பெயரை மாணவர் அட்டவணையிலிருந்து நீக்க வேண்டும். வேறு யார் கையும் படக்கூடாதென்று அவளே கேட்டு வாங்கிய வேலை. மனதைக் கல்லாக்கிக்கொண்டு என்டரைத் தட்டுகிறாள். சிவப்பு எழுத்தில் பதில் வருகிறது: நீக்க முடியாது, நூலக அட்டவணையில் இந்த எண் இன்னும் இருக்கிறது. பக்கத்து மேசை கிளார்க் எட்டிப் பார்க்கிறாள். "பாப்பா பேர்ல ஒரு புத்தகம் நிக்குதுக்கா. அதைத் திருப்பிக் குடுத்தாத்தான் பேரை எடுக்க விடும். வீட்ல இருக்கான்னு பாருங்களேன்." புத்தகம் வீட்டில் இல்லை. கொடுத்துவிடலாமென்று காலையில்தான் மகளின் தலையணைக்கடியிலிருந்து எடுத்து வந்தாள். காலடியில், கைப்பைக்குள் இருக்கிறது. முக்கால்வாசியில் ஒரு சாக்லேட் தாள் அடையாளமாகச் செருகியிருக்கிறது. தலைக்கு மேலே மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றுகிறது. அவள் பையைக் காலால் மெல்ல மேசைக்கடியில் தள்ளுகிறாள். "இருக்கட்டும்மா," என்கிறாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவ இன்னும் படிச்சு முடிக்கல."