இரைச்சலுக்கு அடியில்

“இன்னும் கிடைக்கலையா?”

காலையிலிருந்து இது ஏழாவது தடவை. தலைமைப் பொறியாளர் ஓரிடத்தில் நிற்கவில்லை. ரேடியோ ஆய்வுக்கூடத்துக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

“இல்ல சார்” என்றாள் அவள், ஹெட்போனைக் கழற்றாமலே. எந்த ரேடியோ எங்கே முணுமுணுத்தாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் அலுவலகமே அவளைப் ‘பாம்புக்காது’ என்றுதான் கூப்பிடும்.

“பக்கத்துல எங்கேயோ ஒரு கள்ள ரேடியோ பேசிட்டிருக்கு. அஞ்சு மணிக்குள்ள பிடிச்சாகணும்” என்று காலையில் அவள் வந்ததும் வராததுமாக அவர் உத்தரவு போட்டிருந்தார்.

சாதாரண ரேடியோ என்றால் ஒரே அலைவரிசையில் பேசும்; கழுத்தைப் பிடித்துவிடலாம். இதுவோ, அவர் சொன்னபடி, நொடிக்கு நூறு தடவை அலைவரிசை மாறித் தாவுகிற ரகம். தாவும் வரிசை தெரியாதவர்களுக்கு வெறும் இரைச்சல்தான் கேட்கும்.

மூன்று மணிக்குத் திரையில் ஒரு கோடு துள்ளியது. “சார், மாட்டிக்கிச்சு!” என்று கத்தினாள்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் துருவிவிட்டு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “சாரி சார். நம்ம லிஃப்ட் மோட்டார் கிளப்பின இரைச்சல்தான்.”

அவர் ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தார். கோபத்தை அடக்குகிறார் என்று நினைத்து அவள் அவசரமாகத் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடக் கைவிரித்ததில்லை.

மணி ஐந்து. ஹெட்போனை மேஜைமேல் வைத்தாள். காது இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன.

“என்னால முடியல சார். என்னை வேற பிரிவுக்கு மாத்திடுங்க.”

அவர் அன்றைக்கு முதல் தடவையாக உட்கார்ந்தார்.

“அது கள்ள ரேடியோ இல்லம்மா. நாம செஞ்ச கருவி. மேல் மாடியில காலையிலேர்ந்து ஓயாம பேசிட்டிருக்கு.”

அவளுக்குச் சுருக்கென்றது. “எதுக்கு சார் இந்த விளையாட்டு?”

“சொல்லியிருந்தா இவ்வளவு வெறியோட தேடியிருப்பீங்களா? நாளைக்கு ஒரு போலீஸ்காரி, ஆள் கடத்துற கும்பலுக்குள்ள இந்தக் கருவியை ஒளிச்சு வச்சுக்கிட்டு மாறுவேஷத்துல போறா. அங்கேயும் ஒருத்தன் ஹெட்போன் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். உங்க காதுக்கே சிக்கலைன்னா, அவனுக்கும் சிக்காது.”

“அதுக்குப் போயா சார் காலையிலேர்ந்து இப்படித் தவிச்சீங்க?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“போறது என் பொண்ணும்மா.”