சிவப்புப் பூக் காசு

வங்கியில் வாங்கிவந்த, இரண்டு டொலர்க் காசுகள் சுற்றிய ரோல்களை உடைத்து அரிய காசு தேடுவதில் ராஜரத்தினத்துக்குப் பைத்தியம். ஒரு மாதமாக, அவர் அரிய காசுகளைச் செருகிவைக்கும் அல்பத்தைத் தொட்டாலே மனைவி தனேஸ்வரி ஏதாவது சாட்டுச் சொல்லி அவரைக் கூப்பிட்டுவிடுவாள்.

போன மாதம் ஸ்பிரிங்வேல் கடையில் ட்ரொலியை விடுவிக்க அதன் பூட்டில் போட, அவசரத்தில் அந்த அல்பத்திலிருந்துதான் ஒரு காசை உருவிக்கொண்டு ஓடினாள். திரும்பும்போது ட்ரொலியைப் பூட்டில் கிடந்த காசோடு கேட்டு வாங்கிய ஒருத்தி தன் காசைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். வீட்டுக்கு வந்தபிறகுதான், உருவிய இடம், அவள் முன்பு கண்டெடுத்த, பின்பக்கம் சிவப்புப் பூ பதித்த அரிய காசுக்குரியது என்று தெரிந்தது. கைக்கு வந்த சாதாரணக் காசையே, ராணி முகம் மேலே தெரிய, அங்கே செருகிவிட்டாள்.

இன்று விருந்தாளி முனவ்வர் அல்பத்தை விரித்தார். "பூவை ஒருக்காப் பாப்பமே?" என்று காசைத் திருப்பப் போனார்.

தனேஸ்வரி அடுப்பை விட்டுக் குசினி வாசலுக்கு ஓடிவந்தாள்.

"தொடாதேங்கோ!" என்று கத்தினார் ராஜரத்தினம்.

முனவ்வர் போனதும் ராஜரத்தினம் குசினிக்குள் வந்தார்.

"தனே, கோவிக்காதையும். நீர் கண்டெடுத்த பூக் காசைப் போன வருசமே வித்துப்போட்டன். அதிலை சும்மா இரண்டு டொலர்தான் வைச்சனான். உமக்குத் தெரியமுந்தி இன்னொண்டு கிடைக்காதோ எண்டுதான் ரோல் ரோலா உடைக்கிறன்."

தனேஸ்வரி நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தாள்.

"என்னட்டை ஒளிச்சோ?"