கோட்டைக்கு முன்னால் நான்கு படங்கள்

காலையிலிருந்து ராசம்மா ஒரு இடத்தில் உட்காரவில்லை.

அபுதாபிக் குடும்பம் எட்டு மணிக்கே ஹோட்டலை விட்டுக் கிளம்பியிருந்தது. முதலாளி, மேடம், மேடத்தின் தங்கைகள் இருவர், இரண்டு வயது நஜீஹா. நஜீஹாவை இடுப்பிலும் பால் போத்தல் பையைத் தோளிலும் சுமந்துகொண்டு, செஷ்மே கோட்டையின் அத்தனை படிகளையும் ராசம்மா ஏறி இறங்கிவிட்டாள்.

மேலே நின்று எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். எதிரே தெரிந்த தீவு கிரேக்க நாட்டுடையதாம். முதலாளி கையை நீட்டிக் காட்டினார்.

ராசம்மா பார்க்கவில்லை. குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துருக்கிக்கு வந்த மூன்று நாளும் அவள் கடல் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

நாற்பத்தெட்டு வயது. இடது முழங்கால் காலையில் மடங்க மறுக்கும். அபுதாபியில் செய்கிற வேலைதான் இங்கேயும், கூடுதலாகப் படிகள்.

துறைமுகத்துக்கு இறங்கியதும் மேடம் கமராவை அவளிடம் நீட்டினார். தங்கைகளில் ஒருத்தி குழந்தையை வாங்கிக்கொண்டாள். கோட்டை பின்னால் தெரியும்படி வரிசையாக நின்றார்கள்.

பக்கத்துத் தேநீர்க்கடையில் இரண்டு போலீஸ்காரர்கள் தொப்பிகளை மேசையில் கழற்றி வைத்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கோட்டைச் சுவரோரமாகக் கூலிக்காரர்கள் மீன்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ராசம்மா கமராவைக் கண்ணில் வைத்தாள்.

வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“யல்லா, ராசம்மா!” என்று மேடம் அவசரப்படுத்தினார்.

அவள் கையை அசைத்து, அவர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள். இன்னும் கொஞ்சம். இன்னும்.

ஒரு படம் எடுத்தாள். எடுத்துவிட்டுப் பாடத் தொடங்கினாள்.

அபுதாபிக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. அவள் பாடி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. தாலாட்டு ராகம்தான். ஆனால் தாலாட்டை யாரும் இவ்வளவு சத்தமாகப் பாடுவதில்லை.

“அழாதை குஞ்சு, அழாதை. அப்பா வெள்ளவத்தையில, முப்பத்தேழாம் ஒழுங்கை, பதினோராம் நம்பர். அம்மா அபுதாபியில. நம்பரை மறக்காதை குஞ்சு, மறக்காதை.”

நஜீஹா அழவில்லை. பாட்டைக் கேட்டுக் கைகொட்டிச் சிரித்தாள்.

தங்கைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதலாளிக்கு வெட்கமாகிவிட்டது. போலீஸ்காரர்களில் வயதானவர் திரும்பிக் குழந்தையைப் பார்த்துப் புன்னகைத்தார். மேசையில் விரலால் தாளம்கூடப் போட்டார்.

ராசம்மா மறுபடியும் முதலிலிருந்து பாடினாள். மூன்றாவது முறையும் பாடினாள். அப்போது ‘வெள்ளவத்தை’ என்ற சொல்லில் குரல் பிசிறியது. பாட்டுக்கு நடுவே இன்னும் மூன்று படங்கள் எடுத்தாள்.

என்ன பாட்டு அது என்று மேடம் கேட்டார். பேபி பாட்டு என்று சொல்லிக் கமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நஜீஹாவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வேனுக்கு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கால் நகர்ந்திருக்காது.

ஹோட்டலுக்குப் போகும் வழியெல்லாம் எல்லோரும் தூங்கினார்கள். அவ்வளவு களைப்பிலும் அவளுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை.

அபுதாபிக்குத் திரும்பிய இரண்டாவது வாரம், கழுவிய படங்கள் ஸ்டூடியோவிலிருந்து வந்தன.

கோட்டைக்கு முன்னால் எடுத்த நான்கும் வீண். குடும்பம் முழுவதும் ஓரத்தில் ஒதுங்கியிருந்தது. முதலாளிக்குப் பாதி உடம்புதான். நடுவில் ஒரு மெலிந்த பையன், மீன்பெட்டியைத் தூக்கியும் தூக்காமலும், நேராகக் கமராவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கமராவை இவளிடம் கொடுத்தது தன் தப்பு என்று சொல்லி மேடம் அந்த நான்கையும் சமையலறைக் குப்பைக்கூடையில் போட்டார்.

இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவி முடித்தபின் ராசம்மா அவற்றை எடுத்தாள். தேயிலைச் சக்கையைத் துடைத்தாள். மெத்தைக்குக் கீழே வைத்தாள்.

கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருக்கும் கணவர் மகேசனுக்கு எழுதலாம் என்று இரண்டு தடவை உட்கார்ந்தாள். இரண்டு தடவையும் முதல் வரியோடு கிழித்துப் போட்டாள். துறைமுகத்தில் பாடியது அவன் காதில் விழுந்ததோ இல்லையோ. விழாமல் இருந்திருந்தால் அந்த மனுசனுக்கு என்ன பதில் சொல்வது?

ஆறாவது வாரம் மகேசனிடமிருந்து கடிதம் வந்தது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் நின்றபடியே பிரித்தாள்.

“ராசம்மா, இதை இருந்துகொண்டு வாசியும். எங்கட தாரகன் உயிரோட இருக்கிறான். கப்பல் கடலில மூழ்கிப்போச்சுதெண்டு அவனை வெளிநாட்டுக்கு அனுப்பின ஏஜென்ற் சொன்னானே, அவன் அதில ஏறவே இல்லையாம். பருத்தித்துறை வீட்டுக்கு எழுதின கடிதம் எல்லாம் திரும்பிப் போச்சுதாம். நாங்கள் இடம்பெயர்ந்தது அவனுக்கு எப்பிடித் தெரியும்? இப்ப துருக்கியில ஏதோ ஒரு ஊரில மீன்பெட்டி தூக்கிறானாம். கையில பாஸ்போட் இல்லையாம், பொலிஸ் நிண்டதால கிட்ட வரேல்லையாம். ஆருக்குக் கிட்ட எண்டு எழுதேல்லை. இந்த விலாசம் ஆர் குடுத்ததெண்டு தேடிப் பாத்தன். ‘அம்மா பாடினவா’ எண்டு ஒரு வரிதான் கிடக்கு. ரெண்டு வருசம் நான் திவசம் குடுத்த பிள்ளை, ராசம்மா. நீர் எப்ப அங்க போனனீர்? என்னத்தைப் பாடினனீர்?”